மவுண்டன் பைக்கில் கை வலிக்கிறதா? சீட்டிலிருந்து தொடங்குங்கள்

கை மரத்துப்போகிறது என்றதும் புதியவர்கள் முதலில் ஜெல் வைத்த கையுறை வாங்குகிறார்கள். அடுத்தது தடித்த கிரிப் (ஹேண்டில்பாரில் கை பிடிக்கும் உறை). அதிலும் தீரவில்லை என்றால் ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) மாற்றக் கடைக்குப் போகிறார்கள். இத்தனையும் ஆன பிறகு பார்த்தால், சீட்டின் மூக்கு ஒரு விரற்கடை கீழே சாய்ந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். முதலில் டயர் காற்று, ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), அப்புறம் சீட், அதன் பிறகு பிரேக் லீவர், ஹேண்டில்பார், ஸ்டெம், கடைசியில் கிரிப். சீட் நகர்ந்தால் கைக்கு வரும் எடை, எட்டும் தூரம், மணிக்கட்டின் கோணம் மூன்றுமே மாறிவிடும். லீவரை அழகாகச் சரிசெய்துவிட்டுப் பிறகு சீட்டைத் தொட்டால், லீவர் வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். தவிர, இந்த வரிசையில் முதல் பாதிக்குக் காசு செலவே கிடையாது.

நேரான ஹேண்டில்பார் உள்ள ஹைப்ரிட் சைக்கிளுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

1. வலி எந்த இடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள்

"கை வலிக்கிறது" என்பது போதாது. எந்த விரல், உள்ளங்கையில் எந்தப் பக்கம், ஏறும்போதா, இறங்கும்போதா, சமதளத்திலா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படியில் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால், அழுத்தம் அல்நார் நரம்பில் விழுகிறது என்று கொள்ளலாம். அது உள்ளங்கையின் அடிமேட்டில், சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகிய பாதை வழியாகப் போகிறது. கிரிப்பில் நாம் சாய்ந்துகொள்ளும் இடமும் அதுவே. கையில் எடை அதிகம் விழுகிறதா என்று பாருங்கள்: படி 4, 5, 6.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது மீடியன் நரம்பு. மணிக்கட்டின் நடுவில் கார்பல் டன்னல் வழியாக வருகிறது. மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்தே இருந்தால் அந்தப் பாதைக்குள் அழுத்தம் கூடும். இங்கே லீவர் கோணமும் ஹேண்டில்பாரின் (சுருக்கமாகப் பார்) சுழற்சியும் முக்கியம்: படி 7, 8.

முழங்கைக்குக் கீழே தசை இறுகி, இறக்கம் முடிந்ததும் விரலை விரிக்கவே சிரமமாக இருந்தால், பெரும்பாலும் பிரேக்கைத்தான் பார்க்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்களுக்கு இது வரும்; கிழக்குக் கடற்கரைச் சாலையில் சமதளமாக மிதிக்கிறவர்களுக்கு அநேகமாக வராது. இரு கைகளும் முழுக்க அதிர்ந்து, எரிச்சலோடு இருந்தால் டயரையும் ஃபோர்க்கையும் பாருங்கள்.

சில வலிகளுக்கு அலன் கீ (போல்ட் திருகும் ஆறுமுகச் சாவி) உதவாது. கீழே விழுந்து கை ஊன்றிய பிறகு தொடங்கிய வலி, கட்டைவிரலை விரிக்கும்போது அதன் அடியில் தெரியும் சிறு குழியை அழுத்தினால் கூடுகிறது என்றால், ஸ்கேஃபாய்ட் என்ற சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்-ரேயில் அது தெரியாமலும் போகும். மருத்துவரைப் பாருங்கள். சைக்கிளை விட்டு இறங்கி நாள்கணக்கில் மரத்திருப்பது, சட்டைப் பட்டன் போடவோ சாவி திருப்பவோ முடியாமல் போவது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றுவது, இரவுத் தூக்கத்தில் கை மரத்து எழுப்பிவிடுவது, இவற்றுக்கும் அப்படித்தான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்பு ஏற்கெனவே பலவீனமாக இருக்க வாய்ப்புண்டு. பொறுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

2. தேவையான கருவிகள், முதல் அளவுகள்

2 முதல் 6 மி.மீ. வரை அலன் கீ செட், ஒரு டி25 (நட்சத்திர முனை) சாவி, இன்ச் டேப், ரசமட்டம் அல்லது ஃபோனில் உள்ள லெவல் ஆப், மாஸ்கிங் டேப், மார்க்கர். விலை குறைந்த சைக்கிள்களில் சீட்டைப் பிடிக்கும் கிளாம்ப்புக்கு 13 அல்லது 14 மி.மீ. ஸ்பானர் வேண்டியிருக்கும். காற்று ஃபோர்க் என்றால் ஷாக் பம்ப் வேண்டும். டயர் பம்ப் அதற்கு உதவாது. ஃபோர்க்கினுள் இருக்கும் காற்றின் அளவு மிகக் குறைவு, அழுத்தமோ அதிகம்.

டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) இருந்தால் நல்லது. ஹேண்டில்பாரோ சீட் போஸ்டோ கார்பன் என்றால் அது கட்டாயம். கைப்பழக்கத்தை நம்பி இறுக்குகிற இடம் அது இல்லை.

எதையும் தொடுவதற்கு முன் நான்கு அளவுகளை எழுதுங்கள்: பெடல் கிராங்க் சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை; சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் மையம் வரை; தரையிலிருந்து கிரிப் வரை; ஹேண்டில்பாரின் முழு அகலம். சீட் போஸ்டிலும் (சீட்டைத் தாங்கும் குழாய்) சீட் கம்பியிலும் (சீட்டுக்கு அடியிலுள்ள இரட்டைக் கம்பி) டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். லீவரைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். பழைய இடத்துக்குத் திரும்பத் தெரியாமல் திண்டாடுகிறவர்களைப் பார்த்தால், யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம், அதுவும் சின்னதாக. நீள அளவென்றால் 5 மி.மீ., கோணமென்றால் இரண்டு மூன்று டிகிரி. ஒரே நாளில் மூன்றை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. கை இப்போதே மரத்திருக்கிறது என்றால் சில நாள் ஓய்வு கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். எரிச்சலடைந்த நரம்பு, சரியான அமைப்பில்கூட வலிக்கும்.

3. டயர் காற்று, ஃபோர்க்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், காற்று சரியில்லாமல் செய்யும் எந்தச் சோதனை ஓட்டமும் பொய் சொல்லும். கல் போன்ற டயரில் எந்த கிரிப்பும் மோசமாகத்தான் தோன்றும்.

பெட்ரோல் பங்கிலோ பஞ்சர் கடையிலோ காற்றடித்தால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கல்லாக்கிக் கொடுப்பார்கள். அநேகமாக 50 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் இருக்கும். சுமார் 70 கிலோ எடையுள்ளவர், 2.2 அங்குல டியூப் டயரில், மண் பாதைக்கு 26 முதல் 30 பிஎஸ்ஐ, தார்ச்சாலைக்கு 35 முதல் 40 என்று தொடங்கலாம். டியூப்லெஸ் என்றால் மண்ணில் இன்னும் சில பிஎஸ்ஐ குறைக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் இருங்கள். ரொம்பக் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும். முன் டயரைப் பின் டயரைவிட 2 பிஎஸ்ஐ குறைவாக வைத்தால் கைக்கு இதமாக இருக்கும், பின்னே எடை அதிகம் என்பதால் அங்கே பாதிப்பும் இல்லை.

ஃபோர்க்கில் முதலில் லாக்அவுட் (ஃபோர்க்கை அமுங்காமல் பூட்டும் திருகு) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம்: கடையில் பூட்டிக் கொடுத்தபடியே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்பது. ஃபோர்க் குழாயில் ரப்பர் வளையம் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு ஜிப் டை கட்டுங்கள். சுவரைப் பிடித்து மெதுவாக ஏறி, ஓட்டும் நிலையில் நின்று, ஃபோர்க்கைக் குதிக்கவிடாமல் இறங்குங்கள். 100 மி.மீ. பயண (முழுக்க அமுங்கும் தூரம்) ஃபோர்க்கில் வளையம் 15 முதல் 20 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். அதைவிடக் குறைவு என்றால் காற்றைக் குறையுங்கள். ஸ்பிரிங் ஃபோர்க்கில் ப்ரீலோட் திருகைத் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பது) தளர்த்தலாம். ஆனால் அது ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது, ஓரளவுதான் உதவும்.

ரீபவுண்ட் (அமுங்கிய ஃபோர்க் மேலே திரும்பும் வேகம்) திருகு இருந்தால், அதில் ஆமை, முயல் படம் போட்டிருக்கலாம். ஆமைப் பக்கம் முழுக்கத் திருப்பினால் மென்மையாக இருக்கும் என்று நினைப்பது பரவலான தவறு. அடுத்தடுத்து வரும் கற்களில் ஃபோர்க் மேலே வர நேரம் கிடைக்காமல் அமுங்கிக்கொண்டே போய், கடைசியில் இறுகிவிடும். அந்த அடி நேராகக் கைக்கு வரும். நடுவில் வைத்து, அங்கிருந்து இரண்டு சொடுக்காக மாற்றிப் பாருங்கள்.

4. சீட் உயரம்

சீட் மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும், உடம்பு நிலைக்கக் கை ஹேண்டில்பாரை அழுத்தும். சீட் ஹேண்டில்பாரைவிட உயர உயர உடம்பும் முன்னே கவிழும்.

சுவரோரம் ஏறி உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் முழுதாக நீண்டிருக்க வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்காலில் இயல்பான சின்ன மடிப்பு வரும். எப்போதும் ஓட்டும் ஷூவைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். சீட் போஸ்டில் உள்ள குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரியக் கூடாது.

கைக்காக சீட்டை இதற்கும் கீழே இறக்காதீர்கள். கை தப்பிக்கும், முழங்கால் மாட்டிக்கொள்ளும்.

5. சீட்டின் சாய்வு

சரிசெய்ய வரும் சைக்கிள்களில் அதிகம் தவறாக இருப்பது இதுதான். தொடை இடுக்கில் அழுத்தமாக இருக்கிறதென்று மூக்கைக் கீழே சாய்ப்பார்கள். அந்த அழுத்தம் குறையும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முன்னே வழுக்கும், அதைப் பின்னே தள்ளுகிற வேலை கைக்கு வந்து சேரும். ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே இருந்தால் எந்தக் கையும் மரத்துத்தான் போகும்.

தரை சமமாக இருக்கிறதா என்று முதலில் ரசமட்டத்தால் பாருங்கள். மொட்டைமாடித் தளம் மழைநீர் வடியச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், அங்கே அளக்க வேண்டாம். சீட்டின் மேல்பரப்பு வளைந்திருக்கும் என்பதால் நேராக அதன் மேல் லெவல் வைத்தால் தவறாகக் காட்டும். கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டைச் சீட்டின் நீளவாக்கில் வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வையுங்கள்.

சமமாக வைத்துத் தொடங்குங்கள். வழுக்குவதாகத் தோன்றினால் மூக்கை ஒரு டிகிரி உயர்த்துங்கள். இடுக்கில் அழுத்தினால் ஒரு டிகிரி தாழ்த்துங்கள். மூன்று டிகிரிக்கு மேல் தாழ்த்தினால்தான் உட்கார முடிகிறது என்றால், சீட் உயரம் அதிகம், அல்லது அந்தச் சீட்டின் அகலம் உங்களுக்குப் பொருந்தவில்லை.

ஒரு நுணுக்கம் உண்டு. முன் ஃபோர்க் மட்டும் உள்ள சைக்கிளில் நீங்கள் ஏறியதும் முன்பகுதி அமுங்கும். சீட் மூக்கும் கொஞ்சம் தாழும். நின்ற நிலையில் சமமாக இருந்த சீட், ஓடும்போது முன்னே சாய்ந்திருக்கும். பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் பின்பகுதி அதிகம் அமுங்கினால் மூக்கு எழும்பும். ஆகவே நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லி அதிலும் சரிபாருங்கள்.

ஒற்றை போல்ட் கிளாம்ப்பில் இறுக்கும்போதே சாய்வு மாறிவிடும். இறுக்கி முடித்த பிறகு மறுபடி அளந்தால்தான் கணக்கு.

6. சீட்டை முன்னே, பின்னே நகர்த்துவது

இந்தப் படி புதியவர்களின் உள்ளுணர்வுக்கு எதிராக இருக்கும். கை வலிக்கிறது, ஹேண்டில்பார் தூரமாக இருக்கிறது, எனவே சீட்டை முன்னே தள்ளுவோம் என்றுதான் தோன்றும். செய்தால் பெரும்பாலும் வலி கூடும். இடுப்பு பாதத்துக்கு மேலே முன்னே வந்துவிட்டால், சாய்ந்திருக்கும் மேலுடம்பின் எடை முழுக்க முன்பக்கம் விழுகிறது. தாங்கக் கையைத் தவிர வேறு இல்லை. இடுப்பு சற்றுப் பின்னே இருந்தால் மிதிக்கும் காலின் விசையே மேலுடம்பைத் தாங்க உதவும்.

சோதித்துப் பாருங்கள். டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) சைக்கிளை மாட்டி, அது இல்லையென்றால் ஆளில்லாத சமமான மைதானத்தில், வழக்கமான வேகத்தில் மிதிக்கும்போது இரண்டு உள்ளங்கைகளையும் கிரிப்பிலிருந்து ஒரு செ.மீ. மட்டும் உயர்த்துங்கள். முதுகின் கோணம் மாறக் கூடாது. உடனே முகம் ஹேண்டில்பாரை நோக்கி விழப் பார்த்தால் சீட் முன்னே இருக்கிறது, அல்லது மூக்கு தாழ்ந்திருக்கிறது. இரண்டு மூன்று விநாடி தாக்குப்பிடித்தால் போதும். சாலையில் இதைச் செய்ய வேண்டாம்.

தொடக்க இடத்துக்கு ஒரு தூக்குக்குண்டு போதும். கிராங்க் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்னே இருக்கும் காலின் முழங்கால் சிப்பியின் அடியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால் அது பெடல் அச்சுக்கு அருகில் விழ வேண்டும். இது விதி இல்லை, புறப்படும் இடம். அங்கிருந்து 5 மி.மீ. பின்னே தள்ளி, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். பின்னே தள்ளும்போது பெடலிலிருந்து சீட்டின் தூரம் கொஞ்சம் கூடும்; உயரத்தை மறுபடி பார்த்து இரண்டொரு மி.மீ. இறக்குங்கள். சீட் கம்பியில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கிளாம்ப் பிடித்தால் கம்பி முறியும்.

சமீபகால டிரெயில் (காட்டுப்பாதை) சைக்கிள்களில் சீட் குழாய் 75 முதல் 78 டிகிரி வரை செங்குத்தாக இருக்கிறது. செங்குத்தான ஏற்றத்துக்கு அது வசதி. சைக்கிளே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்போது இடுப்பு சரியான இடத்துக்கு வந்துவிடும். அதே சைக்கிளைச் சமதளத் தார்ச்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் எடை கைக்குத்தான் வரும். அதிகம் ஓட்டுவது சமதளம் என்றால் சீட்டைக் கம்பி அனுமதிக்கும் அளவுக்குப் பின்னே வையுங்கள். ஏற்றத்தில் சற்று முன்நகர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

இந்தப் படி வரை வந்து, இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். நிறையப் பேருக்கு இங்கேயே முடிந்துவிடும்.

7. பிரேக் லீவர்: கோணம், இடம், தூரம்

மூன்று தனித்தனி சரிசெய்தல்கள், இதே வரிசையில்.

கோணம்: உட்கார்ந்து, முழங்கையைச் சற்று மடித்து, கிரிப்பில் கை வைத்து விரல்களை நேராக நீட்டுங்கள். முன்னங்கை, புறங்கை, விரல் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்போது லீவர் விரலுக்கு அடியில் இருக்க வேண்டும். லீவர் அதைவிட மேலே இருந்தால் மணிக்கட்டு பின்னே மடியும். ரொம்பக் கீழே இருந்தால் மணிக்கட்டு முன்னே கவிழ்ந்து, கட்டைவிரல் இடுக்கில் எடை விழும். நின்றுகொண்டு செங்குத்தான இறக்கம் இறங்குகிறவர்கள் லீவரைக் கிட்டத்தட்டக் கிடையாக வைத்திருப்பார்கள். அவர்களுக்கு அது சரி. உட்கார்ந்து மிதிப்பவர் அதைப் பார்த்து அப்படியே வைத்தால் மணிக்கட்டு நாள் முழுக்க மடிந்திருக்கும். இரண்டும் செய்கிறவர் நடுவில் ஓரிடம் பிடிக்க வேண்டியதுதான்.

இடம்: பல சைக்கிள்களில் லீவர் கிரிப்பை ஒட்டியே இருக்கும். ஆள்காட்டி விரல் லீவரின் நுனி வளைவில் விழும்படி உள்ளே தள்ளுங்கள். நுனியில் இழுத்தால் குறைந்த பலம் போதும். நடுவில் இழுத்தால் இரண்டு மூன்று விரல் வேண்டும், மிச்ச விரல்கள்தான் பாரைப் பிடித்திருக்கும். கியர் மாற்றும் ஷிஃப்டரை அதன் பிறகு கட்டைவிரலுக்கு வாகாகத் தனியே வையுங்கள்.

தூரம்: லீவரில் ஒரு சின்னத் திருகு, அலன் அல்லது ஸ்டார் தலையோடு, அல்லது கையால் திருப்பும் குமிழ் இருக்கும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் விரலின் நடுக்கணு மடிந்திருக்க வேண்டும். கை சிறியதாக உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், கடையில் கொடுத்த தூரத்திலேயே ஓட்டி அவதிப்படுகிறார்கள். இந்தத் திருகு இருப்பதையே யாரும் சொல்வதில்லை.

லீவர் கிளாம்ப்பை முழு பலத்தில் இறுக்காதீர்கள். பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு விட்டால், விழும்போது லீவர் முறியாமல் திரும்பிக்கொள்ளும். சாதாரணமாகப் பிடிக்கும்போது அசையக் கூடாது.

இவ்வளவும் செய்தும் இழுக்கப் பலம் தேவைப்பட்டால் குறை பிரேக்கில்: கேபிளில் துரு, பேடில் எண்ணெய், தேய்ந்த பேடு. கேபிளையும் அதன் உறையையும் புதிதாக மாற்றினால் மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக்கே வேறு மாதிரி ஆகிவிடும்.

8. ஹேண்டில்பாரைச் சுழற்றி வைப்பது

மவுண்டன் பைக்கின் பார் நேர்க்கம்பி இல்லை. நுனிகள் பின்னோக்கி 5 முதல் 9 டிகிரி வரையிலும், மேல்நோக்கிக் கொஞ்சமும் வளைந்திருக்கும். ஸ்டெமுக்குள் பாரைச் சுழற்றினால் இந்த இரண்டு வளைவும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். மிகப் பின்னே சுழற்றினால் நுனிகள் கீழே தொங்கி, முழங்கை உள்ளே ஒடுங்கும். மிக முன்னே சுழற்றினால் நுனிகள் வானம் பார்க்கும், உள்ளங்கையின் வெளிப்புறம் அழுத்தப்படும்.

பாரின் எழுச்சி (நடுவிலிருந்து மேலெழும் பகுதி), பக்கவாட்டில் பார்க்கும்போது ஃபோர்க்கின் சாய்வுக்கு இணையாக இருப்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து நடுவிலுள்ள அளவுக் கோடுகளில் ஒன்றாக மாற்றுங்கள். பாரைப் பிடிக்கும் ஸ்டெமின் முன் தட்டிலுள்ள நான்கு போல்ட்களையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது ஸ்டெமிலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில். முன் தட்டில் ஒரு பக்கத்தை முழுக்க ஒட்டி இறுக்கச் சொல்லும் ஸ்டெம்களும் உண்டு, எழுத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

பார் சுழன்றால் லீவரும் கூடவே சுழலும். படி 7-இன் கோணத்தைத் திரும்ப வைக்க மறக்காதீர்கள்.

9. ஹேண்டில்பார் உயரம், ஸ்டெம்

ஸ்டெமுக்கு மேலே ஸ்பேசர் வளையங்கள் இருந்தால் இலவசமாக உயர்த்தலாம். ஒரு 10 மி.மீ. வளையத்தை மேலிருந்து கீழே மாற்றினால், ஃபோர்க் குழாய் 65 டிகிரி சாய்வுள்ள சைக்கிளில் பார் சுமார் 9 மி.மீ. உயரும், கூடவே 4 மி.மீ. உங்களை நோக்கி வரும்.

வரிசை தவறினால் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங் தொகுதி) ஆடும்:

முதலில் ஸ்டெமின் பக்கவாட்டு போல்ட்கள் இரண்டையும் தளர்த்துங்கள். அப்புறம் மேல்மூடி போல்ட்டைக் கழற்றுங்கள். ஸ்டெமை எடுக்கும்போது ஃபோர்க் கீழே நழுவாமல் சக்கரம் தரையில் இருக்கட்டும். வளையங்களை மாற்றி, ஸ்டெமைப் போட்டு, மேல்மூடியை லேசாக இறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஹெட்செட்டில் தட்டல் இல்லாமலும், பார் தடையின்றித் திரும்பியும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஸ்டெமைச் சக்கரத்துக்கு நேராக்கி, பக்கவாட்டு போல்ட்களை மாறி மாறி இறுக்குங்கள்.

மேல்மூடிதான் ஸ்டெமைப் பிடிக்கிறது என்று எண்ணி அதையே முறுக்குகிறவர்கள் நிறைய. அதன் வேலை பேரிங்குக்குச் சரியான அழுத்தம் கொடுப்பது. பிடிப்பது பக்கவாட்டு போல்ட்கள். ஸ்டீரர் குழாயின் (ஸ்டெமுக்குள் வரும் ஃபோர்க்கின் மேல்குழாய்) நுனி, மேலே உள்ள வளையத்தின் விளிம்பைவிட இரண்டு மூன்று மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடியால் அழுத்தமே கொடுக்க முடியாது.

ஸ்பேசர் இல்லையென்றால், கீழ்நோக்கி மாட்டியிருக்கும் ஸ்டெமைத் தலைகீழாக்கினால் உயரும். அதற்கும் மேலே வேண்டுமென்றால் 20 மி.மீ. எழுச்சிப் பாருக்குப் பதில் 35 அல்லது 40 மி.மீ. பார். ஸ்டெமைக் குட்டையாக்குவது அதற்கும் பிறகுதான். சீட் சரியான இடத்தில் இருந்தும் முழங்கை பூட்டிக்கொண்டு நேராக நீண்டிருந்தால் மட்டும் 10 அல்லது 20 மி.மீ. குட்டையானதைப் பாருங்கள்.

எதைச் செய்தாலும் பாரை முழுக்க இடமும் வலமும் திருப்பி, கேபிளும் பிரேக் குழாயும் இழுபடவில்லை என்று உறுதிசெய்துவிட்டு ஓட்டுங்கள்.

10. அகலம்

இப்போது வரும் சைக்கிள்களில் 760 முதல் 800 மி.மீ. பார் சாதாரணம். தோள் குறுகியவருக்கு இது அதிகம். கை விரிய விரிய மேலுடம்பு முன்னே இறங்கும், மணிக்கட்டு பக்கவாட்டில் வளையும். இரண்டும் சுண்டுவிரல் பக்கத்தைத் தாக்கும்.

அறுப்பதற்கு முன் கிரிப்பையும் லீவரையும் பக்கத்துக்கு 10 மி.மீ. உள்ளே தள்ளி, பாரின் நுனியை வெளியே நீட்டியபடி சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஒற்றையடிப் பாதையில் அல்ல, நுனி மரத்தில் மாட்டும். பிடித்திருந்தால் இருபுறமும் சமமாக அளந்து அறுக்கலாம். அறுத்ததை ஒட்ட முடியாது, அதனால் நினைத்ததைவிடக் குறைவாகவே அறுங்கள். கார்பன் பார் என்றால் முகமூடி போட்டு, நுண்பல் பிளேடு, ஈரத்துணி வைத்து அறுக்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

11. கிரிப், கையுறை

இங்கே வந்த பிறகும் மீதி வலி இருந்தால் இப்போது காசு செலவழிக்கலாம்.

கிரிப்பின் தடிமன் கைக்குத் தக்கபடி இருக்க வேண்டும். சின்னக் கைக்குத் தடித்த கிரிப் போட்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டிவந்து முன்னங்கை சோர்ந்துவிடும். அதிர்வுதான் பிரச்சினை என்றால் சிலிகான் நுரை கிரிப் நன்றாக இருக்கும். உட்கார்ந்தே நீண்ட தூரம் போகிறவர்களுக்கு, உள்ளங்கையைத் தாங்கும் இறக்கை வைத்த கிரிப் உதவும். எர்கான் நிறுவனத்தின் கிரிப்கள் இந்த வடிவத்துக்குப் பெயர் பெற்றவை. அதன் கோணம் தவறினால் சாதாரண கிரிப்பைவிட மோசம். இறக்கை மேல்நோக்கி இருந்தால் மணிக்கட்டைத் தள்ளும், கீழே தொங்கினால் தாங்காது. உட்கார்ந்து மணிக்கட்டை நேராக வைத்துக்கொண்டு அந்தக் கோணத்தில் இறுக்குங்கள். நின்று இறங்கும் கரடுமுரடான பாதைக்கு இந்த வகையை நான் சொல்ல மாட்டேன்.

கையுறையில் மெல்லிய திண்டு போதும். தடித்த ஜெல், மடிப்பு விழுந்து நரம்பின் மேலேயே அழுத்தும்.

எல்லாம் செய்தும் மணிக்கட்டு பக்கவாட்டில் வளைந்தே இருந்தால், 12 அல்லது 16 டிகிரி பின்வளைவுள்ள பார் கிடைக்கிறது. அதை மாட்டினால் கை பின்னே வரும், எட்டும் தூரம் குறையும். படி 7-லிருந்து மறுபடி.

12. சோதனை ஓட்டமும் பக்கவிளைவும்

ஒரே பாதை, ஒரே காற்றழுத்தம், ஒரே கையுறை. வழக்கமாக வலி தொடங்கும் இடத்தைத் தாண்டும்வரை ஓட்டுங்கள். தெருவில் ஒரு சுற்று சுற்றினால் எதுவும் தெரியாது. ஓட்டும்போது முழங்கை மடிந்திருக்கட்டும், விரல்கள் கிரிப்பில் தளர்வாக இருக்கட்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று நாலு மிதி மிதித்து, எடையைப் பாதத்துக்கு மாற்றுங்கள்.

கை சரியாகி வேறெங்காவது வலித்தால், எந்த மாற்றம் எல்லை தாண்டியது என்று தெரியும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு அல்லது முன்னே இருக்கிறது. முழங்காலுக்குப் பின்னே இழுத்தால் சீட் உயரம் அல்லது பின்னே போய்விட்டது. ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு அலைந்தாலோ, வளைவில் முன் டயர் வழுக்கினாலோ பாரை அதிகம் உயர்த்திவிட்டீர்கள். ஒரு 5 மி.மீ. வளையத்தைத் திரும்ப மேலே போடுங்கள். புதிதாக எதையும் மாற்றிய பின் முதல் இரண்டு ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்ட்களையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், புதிய அளவுகளைப் பழைய அளவுகளுக்குக் கீழே தேதியோடு எழுதுங்கள்.